எக்காளம் குழுவுக்கு வந்த பேர்

— அப்பம் ஊரு பூராவும் செவிடு. உங்க காது மட்டும் தங்கக் காது. அப்படித்தான அத்தான்?

— நான் அப்படிச் சொல்லல யூனிஸ். ஊருக்கும் காது இருக்கு. கம்மல் மாட்ட வச்சிருக்கு.

— சத்தியமா உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். பாளையங்கோட்டையில எத்தனை கேசட் கடை இருக்கு. எல்லாக் கடையிலயும் எக்காளம் கேசட்டை வாசல்லயே தொங்க விட்டிருக்கான். 'டார்லின் ரெக்கார்டிங்'னு எங்க அக்கா பேரை போர்டுல போட்டுக்கிட்டு, அவ கூடப்பொறந்த தம்பி போட்ட கேசட்டை விக்க மாட்டேன்னு சொல்லுதது நீங்க ஒருத்தர்தான்.

— அவ பேரு போர்டுல இருக்கு. அதனாலதான் விக்கல.

— வாரவன்ட்ட என்ன சொல்லி அனுப்புதிய?

— ஸ்டாக் இல்லன்னு.

— பொய்.

— நல்ல சங்கீதம் ஸ்டாக் இல்லன்னு சொல்லுதேன். அது நிஜம். ஒண்ணுதான் புரியல. எக்காளம் கேசட் கேட்டு வாரவன் எல்லாம், இல்லன்னு சொன்னதும் போக மாட்டான். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கான்.

— மூஞ்சியில பவுடர் கூடிப்போயிருக்கும். சவத்த விடுங்க. நான் வந்த சோலியச் சொல்லுதேன். ஜனவரியில எனக்குக் கல்யாணம்.

— தெரியும். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி துறைமுகத்துல வேலை. இரைச்சல் பழகின காது. உன் தம்பி எபியோட பேண்டைத் தாங்குவாரு.

— அதைத்தான் பேச வந்தேன். சர்ச்லருந்து வீடு வரைக்கும் காருக்கு முன்னால எபி பேண்டு வாசிக்கணும்னு எனக்கு ஆசை.

— சர்ச் பேண்டு இருக்கே. பாக்கியசீலன் வாத்தியார் இன்னும் உயிரோடதான இருக்காரு.

— எனக்கு என் தம்பி வாசிக்கணும்.

— மாமா என்ன சொன்னாவ?

— மூத்த மருமகன் முகம் கோணாம வந்து நின்னாத்தான் எபி பேண்டு, இல்லன்னா அந்தப் பேச்சே எடுக்காதன்னுட்டாவ.

— மாமா நியாயமானவரு.

— எபி இன்னும் நியாயமானவன். நான் இருந்தா அத்தான் வரமாட்டாரு, அதனால அத்தானைக் கூப்பிடு, நான் சர்ச்சுக்கு வெளிய வேப்பமரத்துக்குக் கீழ நின்னு பாத்துட்டுப் போறேங்கான். சொந்த அக்கா கல்யாணத்துக்கு. பிச்சைக்காரன் மாதிரி.

— கையில டிரம் இல்லாம நின்னா ஊருக்கு நல்லது.

— எனக்கு ரெண்டு பேரும் வேணும் அத்தான். டார்லின் அக்காவும் இல்ல, எபியும் இல்ல, நீங்களும் இல்லன்னா நான் யாரைப் பாத்துக்கிட்டு தாலி கட்டிக்க?

— மாப்பிள்ளைய.

— உங்ககிட்ட பேச வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். சரி, சொல்லுங்க. அவனுக்கு வந்த பேரு அவனுக்குத் தகாதா? திருநெல்வேலி ஜங்ஷன்லருந்து களக்காடு வரைக்கும் எக்காளம், எக்காளம்னு சொல்லுதான். காலேஜ் பயலுக எபி மாதிரி முடி வெட்டிக்கிடுதான். ஸ்கா பங்க்னா தெக்க எக்காளம்தான்னு பேப்பர்ல போட்டிருக்கான்.

— ஸ்கா பங்க்னா என்ன?

— எனக்குத் தெரியும். எபி சொன்னான்.

— அவனுக்கு யாரு சொன்னா?

— காலேஜ் கலைவிழாவுக்கு பெங்களூர்லருந்து ஒரு பய வந்திருந்தான். இவனுக வாசிச்சதைக் கேட்டுட்டு, இதுதான் ஸ்கா பங்க்னு சொன்னானாம்.

— அதுவரைக்கும் என்ன வாசிக்கோம்னு வாசிக்கிறவனுக்கே தெரியாது. பெத்தவனுக்குப் பேரு வைக்கத் தெரியாம பெங்களூர்லருந்து ஆளு வந்திருக்கு.

— நீங்கதான் மேதையாச்சே. சொல்லுங்க.

— ஸ்கா ஜமைக்காவுல பொறந்தது. டிரம்பெட், டிராம்போன் எல்லாம் இருக்கும். கிட்டார் தாளத்து மேல விழாது, ரெண்டு தாளத்துக்கு நடுவுல வந்து வெட்டும். பங்க்ங்கிறது, ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவன் வேகமா வாசிச்சுத் தப்பிச்சு ஓடுதது. ரெண்டையும் சேத்தா ஸ்கா பங்க்.

— அப்பம் எபி பாஸ்.

— பங்க்ல பாஸ். டாக்டர் பட்டமே கொடுக்கலாம். ஸ்காவுல டியூஷன் வைக்கணும்.

— அவனைப் பாத்து எழுதப் படிக்கத் தெரியாதவன்னாவது சொல்லலியே. அதுவரைக்கும் சந்தோசம்.

— பன்னெண்டு வயசுலருந்து சர்ச் பேண்டுல டிரம் அடிச்சவன் சொல்லுதேன். காலேஜ் முடிக்கிற வரைக்கும் அடிச்சேன். எபிக்குக் குச்சி பிடிக்கக் கத்துக் கொடுத்ததே நான். அவன் கை எனக்குத் தெரியும். சாதாரணக் கை.

— அந்த எடத்துல ஒரு அல்லேலூயா போட்டுக்கிடுங்க.

— வாடிக்கை வருது. பேசாம இரு. வாங்க அண்ணாச்சி.

— வாரேன், வாரேன். ஏ தம்பி ஜெபசீலா, கோயில் கொடைக்குப் பாட்டு பதிஞ்சு கேட்டேனே, ஆச்சா? இது யாரு, யூனிஸ் பிள்ளையா? கல்யாணமாமே. அம்மையப்பன் சவுண்ட் சர்வீஸ் இருக்கும்போது வேற எவனுக்காவது மைக் செட் சொன்னிய, நான் பந்தியில உக்கார மாட்டேன், பாத்துக்கிடுங்க.

— உங்களுக்குத்தான் அண்ணாச்சி. நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒரு நியாயம் சொல்லுங்க. எக்காளம் நல்ல பேண்டா இல்லையா?

— அவனுகளா? ஏ பிள்ள, அவனுகளால என் ஆறு குழாய் ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு. களக்காட்டுல வாசிச்சானுக பாரு. காட்டுல இருந்த புலியெல்லாம் இன்னும் ரெண்டு மலை தாண்டி உள்ள போயிட்டுன்னு பாரஸ்ட்காரன் சொல்லுதான், பாத்துக்கிடும்.

— கேட்டுக்கோ யூனிஸ்.

— ஆனா தம்பி, ஒண்ணு சொல்லுதேன். அந்தக் கேசட்டுல மத்ததெல்லாம் தகர டப்பா. அந்த ஒத்தப் பாட்டு இருக்குல்லா, 'தெரு முக்கு'ன்னு, அது டப்பா இல்ல வே. நான் முப்பது வருசமா மைக் கட்டுதேன். நாயனம் கேட்டிருக்கேன், மேளம் கேட்டிருக்கேன். போன வருசம் அந்த அடக்கத்தன்னைக்கு நானும் அங்கன கடையை அடைச்சுட்டு ரோட்டோரம் நின்னேன். அந்த அடி நெஞ்சுல வந்து விழுந்துது பாத்துக்கிடும். நான் கும்பிட்டுட்டேன். நீரு போயி இப்படிச் சொல்லுதீரே. அந்த அடிய அடிச்ச கை—

— அண்ணாச்சி, உங்க வேனு பஸ்ஸ மறிச்சுக்கிட்டு நிக்கி. டிரைவர் கத்துதான்.

— எங்க? பஸ்ஸே இல்லியே.

— வரும் அண்ணாச்சி. இப்பம் வரும்.

— ஓ. சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலம்மா. நமக்கு எதுக்கு. தம்பி, கேசட்டைக் கொடும். பைய வாரேன்.

— என்ன யூனிஸ், அண்ணாச்சியை விரட்டுத?

— அவரு பேச ஆரம்பிச்சா மார்கழி வந்துரும். நீங்க விட்ட எடத்துலருந்து திட்டுங்க.

— திட்டல. கணக்காச் சொல்லுதேன். அண்ணாச்சி சொன்னதுதான். அந்த ஒரு பாட்டுதான் எக்காளத்துக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது. அந்தப் பாட்டுல அந்த டிரம் அடிதான். அந்த அடி எங்க பொறந்துது?

— தெரியும் அத்தான்.

— சொல்லு.

— நீங்களே சொல்லுங்க. ஒரு வருசமா யாருட்டயும் சொல்லாம வச்சிருக்கிய.

— உங்க அக்கா சவப்பெட்டிக்கு முன்னால பொறந்துது. நம்ம ஆட்களுக்கு ஒரு முறை இருக்கு. அடக்கத்துக்கு டிரம்மைக் கறுப்புத் துணியால கட்டுவாங்க. சத்தம் அமுங்கி வரும். நாலு எட்டு நடந்தா ஒரு தட்டு. வீட்டுலருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் அப்படித்தான். அன்னைக்குக் காலையில பேண்டு முருகன்குறிச்சியில ஒரு கல்யாணத்துக்கு வாசிச்சிருக்கு. அதே சிவப்புக் கோட்டோட நேரா நம்ம வீட்டு வாசலுக்கு வந்தானுக. மாத்தக்கூட நேரமில்ல. அது தப்பில்ல.

— அதுவரைக்கும் தப்பில்ல.

— எபி வாசல் கேட் பக்கத்துல டிரம்மை மாட்டிக்கிட்டு நின்னான். அது ஓர்மை இருக்கு. தெரு முக்கு திரும்புதோம், கல்யாண அடி. டிரம்பெட்டும் டிராம்போனும் சாவுப் பாட்டுல வருது. டிரம் மட்டும் முருகன்குறிச்சி கல்யாணத்துல நிக்கி. ஊதுறவன் என்ன செய்வான்? அடிக்குப் பின்னால மூச்சு வாங்க ஓடுதான். அதுதான் உங்க ஸ்கா பங்க்.

— அழுத சனம் எல்லாம் நிமிந்து பாத்துது.

— பாக்காம? பெட்டி தூக்கினவன் கால் பின்னுச்சு. கறுப்புத் துணியைக்கூட அவுத்துட்டான். அவுத்து எங்க எறிஞ்சானோ. பொறவு கமிட்டி கூடிச்சு. சர்ச் பேண்டுலருந்து அவனை நிறுத்துனாங்க. நியாயமான முடிவு. கூட நாலு பேரு வெளிய வந்தான். எக்காளம் பொறந்துது. சாவு வீட்டுல தாளம் மறந்தவனுக்கு ஊரு மாலை போடுது. இதுல பேரு எங்க இருக்கு, தகுதி எங்க இருக்கு?

— கமிட்டியில எபி என்ன சொன்னான்னு தெரியுமா?

— தப்பு என்னுதுதான்னு சொன்னானாம். அது ஒண்ணுதான் அவன் சுருதி தப்பாம வாசிச்சது.

— வேற ஒண்ணும் உங்ககிட்ட யாரும் சொல்லலியா?

— வேற என்ன இருக்கு சொல்ல? பாக்கியசீலன் வாத்தியார் என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டிப் போயிருதாரு. வெக்கம் இருக்கும்லா.

— அவருக்கு வெக்கமில்ல அத்தான். அழுகை வரும். எபி அக்கா மேல எவ்வளவு உயிரா இருந்தான்னு உங்களுக்குத் தெரியாதா? காய்ச்சல்ல கிடந்தப்போ தலைமாட்டுலயே உக்காந்திருந்தானே.

— அக்கா மேல உயிரா இருக்கிறவன் அன்னைக்கு அந்தக் குச்சியத் தொட்டு அப்படி அடிச்சிருக்க மாட்டான்.

— ஆமா. அடிச்சிருக்க மாட்டான்.

— பொறவு?

— பொறவு ஒண்ணுமில்ல. ஒரு உதவி செய்யுங்க. கேசட்டை முழுசா ஒரு தடவை கேட்டிருக்கியளா?

— தெருவுல போறப்போ காதுல விழும். காதைப் பொத்திக்கிட்டா போக முடியும்?

— கேக்காமலே ஒரு வருசமா தீர்ப்பு. ஜட்ஜுகூட சாட்சியைக் கேட்டுட்டுத்தான் தூக்குல போடுவாரு. இந்தா, நானே கொண்டாந்திருக்கேன். 'தெரு முக்கு' மட்டும் போடுங்க. கேட்டுட்டும் மட்டம்னு சொன்னிய, நான் எழுந்து போயிருதேன். எபி வேப்பமரத்தடியில நிக்கட்டும். சத்தியமா.

— சரி. பொறு. டேப் ஹெட்டைத் தொடைக்கணும். கண்ட கேசட்டும் ஓடின மிஷினு. நாளைக்கு இதுல கீர்த்தனை ஓடணும்.

— என்ன துணி அது, கறுப்பா?

— வீட்டுல கிடந்துது. கோட்டுப் பையில.

— எந்தக் கோட்டு?

— எனக்கு ஒரே கோட்டுதான. கல்யாணத்துக்குத் தச்சது. அடக்கத்துக்கும் அதையேதான் மாட்டிவிட்டாங்க. துணிக்கு என்ன? நல்ல துணி. பிசிறு வராது.

— ஒண்ணுமில்ல. போடுங்க.

— டிரம்பெட் யாரு?

— சாமுவேல். தபால் ஆபீஸ்காரர் மகன்.

— மூச்சு நிக்கி. பரவால்ல. கிட்டார்?

— குருபிரசாத். குறுக்குத்துறைப் பக்கம் வீடு. அவங்க அப்பா வேதம் சொல்லிக் கொடுக்கிறவரு. மகன் ஹிந்தி டியூஷன் போறான்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு.

— இந்த ஹிந்தி நல்லாயிருக்கு. நடுவுல வந்து கணக்கா வெட்டுதான். இவன் தேறுவான். அதை ஒத்துக்கிடுதேன்.

— அப்பாடி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

— இரு. டிரம் வருது.

— கேளுங்க.

— இது இல்ல.

— எது இல்ல?

— இது அன்னைக்கு அடிச்சது இல்ல. போலி. கணக்கெல்லாம் சரி. ஆனா இவன் எண்ணிக்கிட்டு அடிக்கான். அடுத்த தட்டு எங்க விழணும்னு பாத்துப் பாத்து வைக்கான். பரீச்சையில பக்கத்துப் பய பேப்பரைப் பாத்து எழுதுத மாதிரி.

— போச்சு. கரண்டும் போச்சு. பாதியில.

— நல்லதாப் போச்சு. மின்வாரியத்துக்கும் காது இருக்கு.

— பொறவு எப்படி இருக்கணும்? சும்மா குறை சொல்லாதிய. அடிச்சுக் காட்டுங்க.

— எதுல அடிக்க?

— மேசையில. விரலால.

— இங்க பாரு. அவன் ரெண்டாவது தட்டை முந்திக்கிட்டு வைக்கான். அது முந்தக் கூடாது. பிந்தணும். விழப் போறவன் கடைசி நேரத்துல சுவத்தைப் பிடிச்சுக்கிடுத மாதிரி. இப்படி. இந்த எடத்துல ஒரு விடுதல். இப்படி. பொறவு மூணும் சேந்து வரும். இப்படி. கேட்டியா? கல்யாண அடிதான். ஆனா கல்யாணத்துக்கு அடிக்கிறவன் இப்படி அடிக்க மாட்டான். யூனிஸ், ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிடுத?

— ஒண்ணுமில்ல அத்தான். இன்னும் கொஞ்சம் அடிங்க.

— அழுதியா?

— கரண்ட் இல்லாம புழுக்கமா இருக்கு. வேர்வை. இதை யாருட்ட கத்துக்கிட்டிய?

— கத்துக்க என்ன இருக்கு. கேட்டது.

— ஒரே தடவை கேட்டது.

— ஒரு தடவைதான். விட்டுத் தொலைய மாட்டேங்கு.

— அன்னைக்கு நீங்க கல்லறைத் தோட்டத்துக்கு எப்படிப் போனிய?

— நடந்து. எல்லாரையும் மாதிரி. பெட்டிக்குப் பின்னால.

— பக்கத்துல யாரு நடந்தா?

— மாமாவா இருக்கும். ஓர்மை இல்ல. வீட்டு வாசல் ஓர்மை இருக்கு. எபி நின்னது ஓர்மை இருக்கு. மண்ணு போட்டது ஓர்மை இருக்கு, கை ரெண்டும் கொப்புளமாக் கிடந்துது. நடுவுல ஒண்ணும் இல்ல. சத்தம் மட்டுந்தான்.

— ஒரு பிடி மண்ணு போட்டா கொப்புளம் வருமா அத்தான்?

— வராதா?

— சத்தம் எப்படிக் கேட்டுது? தூரமாவா?

— பக்கத்துல. ரொம்பப் பக்கத்துல. ஏன் கேக்க?

— சும்மா. உங்க தீர்ப்பைச் சொல்லுங்க. கேசட்டு கேட்டாச்சு. சாட்சி விசாரிச்சாச்சு.

— சொல்லுதேன். அன்னைக்கு அடிச்சவன் கோட்டிக்காரன். எங்க நிக்கோம்னு அவனுக்குத் தெரியல. ஆனா அவன் பொய்யா அடிக்கல. அது எனக்கும் தெரியும். அதனாலதான் கோவம். கேசட்டுல அடிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். பயந்து பயந்து, அவனை மாதிரி அடிக்கப் பாக்கான். ஒரே ஆளு எப்படி ரெண்டு மாதிரி அடிப்பான்? அதுதான் எனக்குப் பிடிபடல.

— நல்லாப் பிடிச்சிருக்கிய. இன்னும் ஒரு எட்டு வைங்க.

— எப்படிப் பாத்தாலும் இந்தப் பேரு எபிக்குத் தகாது. கல்யாணத்துக்கு நான் வாரேன். அவன் வரட்டும், பந்தியில உக்காரட்டும். அந்த அடிய மட்டும் அடிக்கக் கூடாது. அது அவன் அடி இல்ல.

— நீங்களே சொல்லிட்டிய. எபி என் கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கான். கமிட்டிக்காரங்க, அப்பா, பாக்கியசீலன் வாத்தியார், தெரு முழுக்க ஒத்தருக்கும் வாய் திறக்கக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்கான். அவருக்குத் தானா ஓர்மை வரட்டும், அதுவரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டுக் கிடக்கட்டும், திட்டுதப்பமாவது பேசுதாருல்லான்னு சொன்னான். அந்த சத்தியத்தை இன்னைக்கு நான் உடைக்கப் போறேன்.

— என்னத்த யூனிஸ் உடைக்கப் போற?

— அன்னைக்குத் தெரு முக்குல எபி அழுதுக்கிட்டு அடிக்க மாட்டாம நின்னான், அவன் தோள்லருந்து டிரம்மை வாங்கி மாட்டி, கறுப்புத் துணிய அவுத்துக் கோட்டுப் பையில வச்சுக்கிட்டு, அக்காளுக்குக் கல்லறை வரைக்கும் அந்த அடிய அடிச்சது நீங்கதான் அத்தான்.